மல்லாந்த சைக்கிள்

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில், சேவூர் ரோட்டில் சேறு வாரிவிட்டதில் அபிதகுசாம்பாள் சைக்கிளிலிருந்து விழுந்தாள். சிராய்ப்போடு எழுந்திருக்க வேண்டியவள்தான். ரோட்டோரம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருங்கல்லின் மேல் உட்கார்ந்த வாக்கில் விழுந்தது வினையாகிவிட்டது. கேரியரில் இருந்த அட்டைக்கட்டு நனைந்துவிட்டதா என்று முதலில் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் இடுப்புக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி எரிவது தெரிந்தது.

வேலூர் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வால் எலும்பு உடைந்திருக்கிறது, கூடிவிடும், ஆனால் சைக்கிள் சீட்டில் இனிமேல் உட்காரவே கூடாது என்றார். தரையில் சம்மணம் போட்டும் நெடுநேரம் உட்காரக்கூடாது. நிற்கலாம், நடக்கலாம், சாய்ந்து படுக்கலாம்.

அவளுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. ஆரணியில் பட்டுப்புடவைக்குக் கரையும் முந்தியும் வரைகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதில் பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். கட்டம் போட்ட கிராஃப் தாளில் அன்னமோ மாங்காயோ வரைந்து, அந்தக் கட்டங்களின்படி அட்டைகளில் ஓட்டை அடித்து, அட்டைகளை வரிசையாகக் கோத்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்ட வேண்டும். ஓர் ஓட்டை தப்பினால் அன்னத்துக்கு மூக்கு கோணிவிடும். மற்றவர்கள் அட்டையைக் கட்டிக் கொடுப்பதோடு சரி. அபிதா மட்டும் கட்டைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், நெசவாளி வீட்டில் தானே மாட்டி, முதல் சாண் துணி பிசகில்லாமல் இறங்கும்வரை தறிக்குப் பக்கத்திலேயே நிற்பாள். பட்டுக்கடை வேணுகோபால் முதலியார் பதினைந்து வருஷமாக அவளையே தேடி வேலை கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

விழுந்த பிறகு ஊருக்குப் போகிற வேலையை அவர் வேறொரு ஆளுக்கு மாற்றினார். "வீட்லயே இருந்து அட்டை அடிச்சிக் குடும்மா, அது போதும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அட்டை அடிப்பது நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை. அவளால் முடியாதது அது ஒன்றுதான். அலைவது முடியும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாம். ஆனால் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நெசவாளி ஊர் மூன்று மைல், நாலு மைல் உள்ளே இருக்கும். கல்லுமாதிரி கனக்கிற அட்டைக்கட்டை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது?

ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கி, சைக்கிள் மிதிப்பதுபோலச் சுற்ற வேண்டும். காலையில் ஐம்பது, சாயங்காலம் ஐம்பது. வீட்டில் கூடம் முழுவதையும் அவள் புருஷன் அருணாச்சலத்தின் தறி அடைத்துக்கொண்டிருந்தது. தறிக்கும் சுவருக்கும் நடுவில் பாயைப் போட்டு அவள் காற்றில் மிதித்துக்கொண்டிருப்பாள். முப்பது சுற்றுச் சுற்றியும் வலிக்கவில்லை என்பதை ஒருநாள் கவனித்தாள்.

"சைக்கிள் ஏறாதேன்னு சொன்ன ஆஸ்பத்திரிலயே சைக்கிள் மிதின்றாங்க பாருங்க" என்றாள்.

"அது சும்மா காத்துல மிதிக்கிறது."

"காத்துல இல்லாம, கீழ ரெண்டு சக்கரம் இருந்தா?"

அருணாச்சலம் தறியை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அவனுக்குத் தெரிந்தது. "வேணாம் அபிதா" என்றான். மறுபடி தறியை ஓட்ட ஆரம்பித்தான்.

நாலாம் நாள், ஒரு கட்டம் ஓர் அங்குலம் என்ற கணக்கில் வரைந்த கிராஃப் தாளைச் சுருட்டிக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கிரில் பட்டறை வைத்திருந்த தசரதனிடம் போனாள். அவன் தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தான்.

"இன்னாக்கா இது? ஈசி சேருக்குச் சக்கரம் வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"காலு எங்க போவும்?"

"முன்னாடி நீட்டிகினு. பெடலு அங்கதான். ஹேண்டில் நீளமா பின்னால வந்து கைக்குக் கிடைக்கும்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தசரதனும் சிரித்தான். "நான் இரும்பு கேட்டு அடிக்கிறவன்க்கா. வண்டி செய்றவன் இல்ல."

"பைப்பு வளைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"வெல்டிங் ஒட்டத் தெரியுமா?"

"அதானே தொழிலு."

"அப்போ உனுக்குச் செய்யத் தெரியும். எங்க ஒட்டணும்னு நான் சொல்றேன்."

அவளுடைய பழைய சைக்கிளையும், காயலான் கடையில் கிடந்த ஒரு சின்னப் பிள்ளை சைக்கிளையும் அறுத்துத்தான் வேலை தொடங்கியது. பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சின்னச் சக்கரம். இரண்டுக்கும் நடுவில் தாழ்வாக ஒரு சாய்வு இருக்கை. பைப்பை வளைத்து, கட்டிலுக்குப் பின்னுகிற நைலான் பட்டையை அதில் பின்னினார்கள். வால் எலும்பு வரும் இடத்தில் மட்டும் பட்டை போடாமல் பள்ளம் விட்டாள். ஒரு செயின் எட்டவில்லை. இரண்டைச் சேர்த்து ஒட்டினார்கள். பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் அவள் அதில் சாய்ந்து, காலை நீட்டி, ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். வலி இல்லை. இரண்டாவது சுற்றில் அழுகை வந்தது; யாரும் பார்க்காதபடி மூன்றாவது சுற்றும் சுற்றிவிட்டுத்தான் இறங்கினாள்.

வண்டி ஏழரை அடி நீளம். அவர்கள் இருந்தது மூன்று குடித்தன வீடு. உள்ளே போகிற நடை ஓர் ஆள் அகலம். வீட்டுக்காரி கமலம் நடைவாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பாடைய இங்க வெக்காத அபிதா. மூணு வீட்டுக்காரங்க நடமாட்ற எடம்."

"பாடையா?"

"பின்ன இன்னா? மல்லாந்து காலை நீட்டிகினு போனா அதுக்கு வேற இன்னா பேரு?"

"பாடைல போறவங்க மிதிக்க மாட்டாங்கக்கா" என்றாள் அபிதா.

ஆனாலும் வண்டி அன்று தெருவில்தான் நின்றது. மறுநாள் தெருக்காரர்களும் முணுமுணுத்தார்கள். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பால்காரர்கூட "பாடை வண்டிக்காரம்மா வீடு" என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தார். தவிர, ஏழரை அடி வண்டியை எந்த பஸ்ஸில் ஏற்ற முடியும்? தேவிகாபுரம் வரைக்கும் மிதித்துக்கொண்டே போவதற்கு அவள் என்ன இருபது வயதுப் பெண்ணா?

மடக்க வேண்டும். நடுவில் வெட்டிக் கீல் வைப்பது தசரதனுக்குப் பெரிய காரியமில்லை, கேட்டுக்குச் செய்கிறதுதான். கஷ்டம் செயினில் இருந்தது. வண்டியை மடக்கினால் செயின் தொளதொளவென்று தொங்கி, பல்சக்கரத்தை விட்டு விழுந்து, விரித்ததும் சிக்கிக்கொண்டது. இரண்டு முறை மாற்றி ஒட்டிப் பார்த்துவிட்டுத் தசரதன் கையை விரித்தான். "பேஜாரு புடிச்ச வேலைக்கா இது."

அவள் வீட்டுக்கு வந்து, வீணான அட்டைகளைப் பட்டை பட்டையாக நறுக்கினாள். அதுதான் வண்டியின் உடம்பு. குண்டூசி கீல். செயினுக்குப் பட்டு நூல். ஊசியை மேலே குத்தினாள், கீழே குத்தினாள், பக்கத்தில் குத்தினாள். எங்கே குத்தினாலும் மடக்கியதும் நூல் தொய்ந்தது. பத்து நாள் இப்படியே போயிற்று. நின்றுகொண்டே சாப்பிட்டு, நின்றுகொண்டே யோசித்தாள். பிறகு ஒரு மத்தியானம், ஒரே நூலாக விடாமல், நடுவில் ஒரு சின்ன வட்டத்தை வைத்து நூலை இரண்டாகப் பிரித்தாள். முன்பாதி நூல் பெடலிலிருந்து நடுவட்டத்துக்கு. பின்பாதி நூல் நடுவட்டத்திலிருந்து பின்சக்கரத்துக்கு. அந்த நடுவட்டத்தின் மையத்திலேயே ஊசியைக் குத்தினாள். மடக்கினாள். நூல் விறைப்பாகவே நின்றது. விரித்தாள், மடக்கினாள், விரித்தாள். எவ்வளவு மடக்கினாலும் தொய்யவில்லை. கீலும் அச்சும் ஒரே இடம்.

"இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று தறிக்குப் போய்க் காட்டினாள். அருணாச்சலம் அட்டையை வாங்கி ஒருமுறை மடக்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டாவது முறையும் மடக்கிப் பார்த்தான்.

தசரதன் அதைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டான். மறுநாள் கையிலிருந்த கேட்டு வேலையைத் தள்ளிவைத்து இதைப் பிடித்தான். கீலை உடம்புப் பைப்பின் அடிப்பக்கம் வைத்தார்கள். அதனால் ஆள் உட்கார்ந்தால் மேலே இரண்டு முகமும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு வண்டி விறைத்து நிற்கும். இறங்கி, நடுவில் பிடித்துத் தூக்கினால் சக்கரம் இரண்டும் உருண்டு கிட்டக் கிட்ட வந்து அதுவாகவே மடங்கிவிடும். மடங்கின வண்டியை அபிதா ஒரு பக்கமாகச் சாய்த்து நடைவழியே உருட்டிக்கொண்டுபோய்த் தறிக்கு அடியில் நுழைத்தாள். கமலம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எண்ணெ சிந்தாம பாத்துக்கோ" என்றாள்.

புடவை கட்டிக்கொண்டு அதை ஓட்ட முடியாது. அபிதா சுடிதார் தைத்துப் போட்டுக்கொண்டாள். "இந்த வயசுலயா?" என்று அருணாச்சலம் கேட்டான். "காலு அதே வயசுதான். மிதிக்க ஏதாச்சும் போட்டாவணுமே" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை காலை மார்க்கெட் வழியாகப் போனாள். கடைகளில் வியாபாரம் நின்றது. ஆட்டோக்கள் நின்றன. "படுக்கைய வீட்ல போடும்மா!" என்று ஒருவன் கத்தினான். அவள் நேரே பார்த்தபடி மிதித்தாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருந்த வேகத்தடையில் ஏறியபோதுதான் அது நடந்தது. வண்டி துள்ளியது, ஒரு நொடி அவள் எடை சீட்டை விட்டு எழும்பியது, அந்த நொடியில் கீல் திறந்து, வண்டி நடுவில் கூடாரம் போல எழும்பி மடங்கியது. அவள் பக்கவாட்டில் உருண்டு விழுந்தாள். முழங்கை கிழிந்தது. நாலு பக்கமும் சிரிப்பு. "பாடை சாஞ்சிடுச்சிடா!" என்றது ஒரு குரல்.

அவள் எழுந்தாள். மண்ணைத் தட்டவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் ரோட்டில் மண்டியிட்டு, கீலை விரித்தும் மடக்கியும், எது வழிவிட்டது என்று பார்த்தாள். பார்த்து முடித்தபிறகுதான் முழங்கையைத் துடைத்தாள். சிரிப்பு அதற்குள் பாதியாகக் குறைந்திருந்தது.

"விட்டுடலாம்க்கா" என்றான் தசரதன், முழங்கையைப் பார்த்துவிட்டு. "நாளைக்கு லாரில கீரில வுழுந்தீங்கன்னா ஊரு என்னைத்தான் சொல்லும்."

"ஒரு தாழ்ப்பாள் போட்டா போதும். கேட்டுக்கு எத்தினி தாழ்ப்பாள் போட்டிருக்க நீ? இதுக்கு ஒண்ணு போட மாட்டியா?"

அவன் இரண்டு போட்டான்.

பிறகு தினமும் அதில் போனாள். சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம். வேணுகோபால் முதலியாரின் வேலைதான். ஊருக்குப் போகிற ஆளைக் கெஞ்சி அட்டைக்கட்டை வாங்கிக்கொண்டு தானே போய் மாட்டிவிட்டு வந்தாள். விஷயம் கடைக்கு எட்ட இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முதலியார் அவளைக் கூப்பிடவில்லை. அருணாச்சலத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் தறிக்குப் பாவு, அதாவது நெய்வதற்கான நெடுக்கு நூலும், நெய்ததற்குக் கூலியும் கொடுத்துவந்தது அதே கடைதான்.

நெய்து முடித்த புடவையோடு அவன் போனான். அபிதாவும் கூடவே போய், கடை வாசல்படியில் நின்றாள். உள்ளே வெள்ளை விரித்த மெத்தையில் கல்யாணக் கூட்டம் ஒன்று புடவை பார்த்துக்கொண்டிருந்தது. முதலியார் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"இன்னாப்பா அருணாச்சலம், ஊரே சிரிக்குது. நம்ம கடை அட்டையைக் கட்டிகினு, ஒரு பொம்பள தெருவுல மல்லாந்து படுத்துகினு போறதா? ஒண்ணு அந்த வண்டியை உடைச்சிப் போடச் சொல்லு. இல்ல, உன் தறிக்கு வேற எடத்துல பாவு பாத்துக்கோ. பொண்டாட்டிய அடக்க முடியலன்னா எப்படி?"

அபிதா படியில் ஏறினாள். பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அருணாச்சலம் புடவையை மெத்தைமேல் வைத்தான். கடையில் அவன் குரல் ஓங்கி யாரும் கேட்டதில்லை. அன்றும் ஓங்கவில்லை.

"அந்த வண்டி எனக்கும் பிடிக்கலதான் மொதலாளி. பிடிக்கலன்னு சொல்ல வேண்டியவன் நானு. சொல்லியாச்சி. அவ கேக்கல. அதோட முடிஞ்சிது. நீங்க சொல்றதுக்கு அதுல ஒண்ணுமில்ல." கும்பிடு போட்டான். "பாவு நான் வேற எடத்துல பாத்துக்கிறேன்."

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு இருவரும் தெருமுனை வரைக்கும் நடந்தார்கள்.

"இன்னா இப்படிச் சொல்லிட்டீங்க?"

"பின்ன? அடக்குன்றாரு. மாடா நீ?" என்றான். கொஞ்சதூரம் நடந்து, "ஆனா வண்டி எனக்குப் பிடிக்கலதான்" என்று மறுபடியும் சொன்னான்.

ஒன்றரை மாதம் தறி சும்மா நின்றது. அருணாச்சலம் வேறொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தான். அபிதா சுவரில் தாளை ஒட்டி, நின்றபடியே சின்னச் சின்னக் கடைகளுக்கு வரைந்து கொடுத்தாள்; அட்டை அடிக்க மட்டும் கூலிக்கு ஆள் வைத்தாள். கடைக்காரர்களில் இரண்டு பேர் வேலையைக் கொடுத்துவிட்டு, வண்டியில் வர வேண்டாம் என்றார்கள். அந்த இரண்டு பேரின் தாளையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

தை மாதம் தேவிகாபுரத்துப் பக்கத்திலிருந்து தனக்கோடி ஆள் அனுப்பினாள். தனக்கோடி புருஷனை இழந்தவள், இரண்டு தறி வைத்துத் தானே நெய்கிறவள். முதலியார் கடை முகூர்த்தப் புடவை தறியில் ஏறியிருந்தது. கரையில் வருகிற மயிலுக்கெல்லாம் கழுத்தில் ஒரு வெட்டு விழுந்தது. கடையிலிருந்து வந்த ஆள் இரண்டு நாள் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தும் தப்பு எங்கே என்று தெரியவில்லை. புடவை வீணானால் பழி தனக்கோடி தலையில்தான் விழும்.

அபிதா மடக்கின வண்டியோடு பஸ் ஏறினாள். கண்டக்டர் படியை மறித்தார்.

"கட்டில், பீரோ எல்லாம் ஏத்த முடியாதும்மா."

"இது சைக்கிளு. மடிச்சா மூட்டை அளவுதான். மூட்டைக்கு டிக்கெட்டு உண்டில்ல, அதைக் கிழிங்க."

"சைக்கிள்னா சக்கரம் உருளணும்."

"எறங்கி உருட்டிக் காட்றேன். அதுவரைக்கும் வண்டி நிக்குமா?"

"ஜல்தி ஏத்தும்மா" என்று பின்னாலிருந்த கூட்டம் சத்தம் போட்டது. கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். கடைசி சீட்டுக்குப் பின்னால் வண்டி நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு அவளும் நின்றாள்.

மெயின் ரோட்டில் இறங்கி, வண்டியை விரித்து, தாழ்ப்பாள் இரண்டையும் போட்டு, மண்பாதையில் நாலு மைல் மிதித்தாள். வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி, "எக்கா, எங்க போற இப்படி சொகமா?" என்றாள். "வேலைக்கு" என்றாள் அபிதா.

தனக்கோடி வீட்டில் அவள் முதலில் அட்டையைத் தொடவே இல்லை. நெய்த துணியைத் திருப்பிப் போட்டு, மயிலின் கழுத்தை விரல் நகத்தால் இழை இழையாக எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு தறிமேல் ஏறி, கோத்திருந்த அட்டைச் சரத்தில் ஓர் இடத்தைப் பிடித்து நிறுத்தினாள். ஓட்டை தப்பவில்லை, கோக்கும்போது இரண்டு அட்டை இடம் மாறியிருந்தன. மாற்றிக் கட்டினாள். இரண்டு மயில் முழுசாக இறங்கும்வரை நின்றாள். தனக்கோடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்றேன் உங்க மொதலாளிகிட்ட. என் தறி அட்டைக்கு இந்தம்மா வந்தா வரட்டும், இல்லன்னா எனக்கு அந்தக் கடைப் பாவே வேணாம்னு" என்றாள். சொன்னது மட்டுமில்லை, பக்கத்துத் தெருவில் ஆறு தறிக்காரர்களையும் சொல்ல வைத்தாள்.

பங்குனியில் முதலியார் கடைக் கணக்குப்பிள்ளை அபிதா வீட்டுக்கு வந்தார். வேலை இருக்கிறது, வரலாம். வண்டியை மட்டும் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தால் நல்லது என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு, கடை நிறையக் கூட்டமிருந்தபோது, அவள் கடைத்தெருவில் மிதித்துக்கொண்டு போய் நேரே வாசலில் நிறுத்தினாள். தாழ்ப்பாள் இரண்டையும் நீக்கி, நடுவில் பிடித்துத் தூக்கினாள். வண்டி மடங்கியது. படியேற்றிக் கொண்டுபோய், வெள்ளை மெத்தையின் ஓரத்தில், செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டி நிறுத்தினாள். புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் புடவையை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள்.

"தெருமுனைல விட்டுட்டு வரச் சொன்னேனே" என்றார் முதலியார்.

"எல்லார் வண்டியும் உங்க வாசல்ல நிக்குது மொதலாளி. இது வராத எடத்துக்கு நானும் வர மாட்டேன். அட்டை வேணுமா, வேணாமா, சொல்லுங்க. ஒண்ணுபுரத்துல ஒருத்தர் காத்துகினு இருக்காரு."

முதலியார் வண்டியைப் பார்க்காமலே இருந்தார். அப்படிப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் கழுத்தைச் சிரமப்பட்டுத் திருப்பி வைத்திருந்தார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து மாதிரித் துணி ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "கொடி ஓட்ற கரை. வைகாசி முகூர்த்தத்துக்கு வேணும்."

"தறிக்குப் பாவும் வாங்கிக்கச் சொல்லு அவனை" என்று அவள் கிளம்பும்போது சொன்னார். அருணாச்சலம் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குள் வேறு கடைப் பாவு தறியில் ஏறியிருந்தது. ஏறாவிட்டாலும் போயிருக்க மாட்டான்.

ஊர் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. அவர்கள் அந்த வீட்டில் இருந்தவரை கமலம் அதைப் பாடை என்றுதான் சொன்னாள். அருணாச்சலம் ஒருநாளும் அதில் ஏறிப் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் செயினுக்கு எண்ணெய் போடுவது எப்படியோ அவன் வேலையாகிவிட்டது. இரண்டாயிரத்து மூன்றில் தசரதன் மெல்லிய பைப்பில் இன்னொன்று செய்தான், முதலாவதைவிட இலேசாக. இந்தத் தடவை தாளில் அவனாகவே இரண்டு இடத்தைத் திருத்தினான். அதில் ஒன்று சரி, ஒன்று தப்பு என்று அபிதா சொன்னாள்.

அந்தப் புது வண்டியை அவள் முதல்முறையாகக் கண்ணமங்கலம் ரோட்டில் எடுத்துப் போனபோது, ஒரு லாரி பக்கத்தில் வந்து மெதுவாக ஊர்ந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னாம்மா, தூக்கம் வருதா?"

"நீ தூங்காம ஓட்டு. முன்னால பள்ளம் இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் இறக்கத்தில் வேகமாக மிதித்தாள்.